கம்ப்ரஷனைக் காதால் அறிந்துகொள்வது எப்படி: மிக்ஸிங் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

தனித்தனியாகப் பதிவான ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் பழகத் தொடங்குபவருக்கு ஈக்வலைசர் முதல் நாளே பிடிபட்டுவிடும். கீழ் அதிர்வெண்களைக் கூட்டினால் ஒலி கனக்கிறது, மேல் அதிர்வெண்களைக் கூட்டினால் பளிச்சிடுகிறது. கை செய்ததைக் காது உடனே கேட்டுவிடுகிறது. உரத்த ஒலியை அமுக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் அப்படி இணங்கி வருவதில்லை. ஒரு குமிழைத் திருப்பினால் எதுவுமே மாறாதது போலிருக்கிறது, இன்னொன்றைத் திருப்பினால் ஒலி கூடிவிட்டது போலிருக்கிறது, மூன்றாவதைத் திருப்பி முடிப்பதற்குள் தொடக்கத்தில் எப்படி இருந்தது என்பதே மறந்துபோகிறது. இந்த இடத்தில் பலர் அலுத்துப்போய், பிளக்-இன் என்னும் துணை மென்பொருளில் முன்கூட்டியே அமைத்துத் தரப்படும் ப்ரீசெட்டுகளை நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் கம்ப்ரஸர் எந்த அளவில் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது உங்கள் பதிவின் ஒலியளவைப் பொறுத்தது. அந்த அளவு என்னவென்று ப்ரீசெட்டை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கம்ப்ரஷன் கேட்கவில்லை என்பதற்காக உங்கள் காதில் குறை இருக்கிறதோ என்று அஞ்ச வேண்டாம். ஈக்வலைசரின் மாற்றம் பாட்டு முழுவதும் நிலையாக இருக்கிறது. கம்ப்ரஸரின் மாற்றமோ, ஒலி ஒரு வரம்பைத் தாண்டும் கணங்களில் மட்டும், பெரும்பாலும் சில பத்து மில்லி விநாடிகளுக்குள் நிகழ்ந்து மறைகிறது. ஆகவே ஒலி கூடியதா குறைந்ததா என்று கேட்பதை விட்டு, ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு சொல்லும் எப்படித் தொடங்குகிறது, எப்படி நீடிக்கிறது, எப்படி அடங்குகிறது என்று கேட்கப் பழக வேண்டும். கீழே வரும் பயிற்சிகள் அனைத்தும் அந்தக் கவனத்தை வளர்ப்பதற்காகவே அமைந்தவை.

எம்பி3 போன்ற கோப்புகளின் அளவைச் சுருக்குவதையும் கம்ப்ரஷன் என்றே அழைக்கிறார்கள். அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை.

ஒரு சிறு கணக்கு

கருவி செய்வதை எண்களில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் குறையும். ஒரு பாடகர் மென்மையாகப் பாடும் வரி −26 டெசிபெலிலும், உச்சத்தில் பாடும் வரி −8 டெசிபெலிலும் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம் (கணினிப் பதிவில் 0 தான் உச்ச எல்லை). த்ரெஷோல்ட் என்னும் வரம்பை −20-இலும், வரம்பைத் தாண்டிய அளவைச் சுருக்கும் விகிதமான ரேஷியோவை 4:1 என்றும் வைக்கிறீர்கள். மென்மையான வரி வரம்புக்குக் கீழே இருப்பதால் அதை யாரும் தொடுவதில்லை. உச்ச வரி வரம்பை 12 டெசிபெல் தாண்டுகிறது. நான்கில் ஒரு பங்காக, அதாவது 3 டெசிபெலாக மட்டும் அது வெளியே வருவதால் −17-இல் நிற்கிறது. குறைக்கப்பட்டது 9 டெசிபெல், இதைத்தான் கெய்ன் ரிடக்ஷன் மீட்டரின் முள் காட்டுகிறது. முன்பு 18 டெசிபெலாக இருந்த இடைவெளி இப்போது 9 ஆகிவிட்டது.

இழந்த 9 டெசிபெலை, முழு ஒலியையும் உயர்த்தும் மேக்கப் கெய்ன் கொண்டு ஈடுசெய்தால் உச்ச வரி பழைய இடத்துக்கே திரும்புகிறது, மென்மையான வரி −17-க்கு ஏறிவிடுகிறது. கூடவே, வரிகளுக்கு இடையில் −60-இல் கிடந்த மின்விசிறி இரைச்சலும் −51-க்கு ஏறிவிடுகிறது. கம்ப்ரஸர் உரத்ததைக் குறைக்கும் கருவிதான். ஆனால் நடைமுறையில் நாம் கேட்பது பெரும்பாலும் மெல்லியவை மேலே வருவதைத்தான். மூச்சு, அறையின் எதிரொலி, விரல் உரசல், நாற்காலி கிறீச்சிடுவது எல்லாம் அதில் அடக்கம்.

மீதமிருப்பவை காலத்தைச் சார்ந்த இரண்டு குமிழ்கள். வரம்பைத் தாண்டிய ஒலியைக் கம்ப்ரஸர் எவ்வளவு விரைவாக அமுக்குகிறது என்பது அட்டாக். ஒலி இறங்கிய பிறகு எவ்வளவு விரைவாகக் கையை எடுக்கிறது என்பது ரிலீஸ். அட்டாக் 10 மில்லி விநாடி என்றால் கம்ப்ரஸர் 10 மில்லி விநாடி காத்திருந்து பிறகு வேலையைத் தொடங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று, அது உடனே தொடங்கிவிடுகிறது, குறைப்பின் பெரும்பகுதியை எட்டத்தான் அந்த நேரம் ஆகிறது. அந்தப் பெரும்பகுதி எவ்வளவு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக வரையறுப்பதால், ஒரு கருவியில் பிடித்த எண்ணை இன்னொரு கருவியில் அப்படியே வைத்தால் அதே ஒலி வருவதில்லை. வரம்பை ஒட்டிய இடத்தில் ரேஷியோ சட்டென்று தொடங்குகிறதா, வளைந்து தொடங்குகிறதா என்பதைத் தீர்மானிக்கும் குமிழும் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'நீ' என்று முன்னிலைப் பெயராகிவிடும் என்பதால் வளைவு என்று சொல்லிவிட்டு நகர்கிறேன். தொடக்கத்தில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

தொடங்கும் முன்: ஒலியளவைச் சமன்செய்தல்

ஒன்றுபோலுள்ள இரண்டு ஒலிகளில் சற்று உரத்ததைக் காது சிறந்ததாக எடுத்துக்கொள்கிறது. ஒலியளவு கூடும்போது கீழ் அதிர்வெண்களும் மிக உயர்ந்த அதிர்வெண்களும் காதுக்கு நிறைவாகக் கேட்கின்றன என்பதை ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவர் 1933-இலேயே அளந்து வெளியிட்டார்கள். மேக்கப் கெய்ன் ஒலியை 2 டெசிபெல் கூட்டிவிட்டால்கூட, கம்ப்ரஸர் ஏதோ மாயம் செய்துவிட்டதாக நமக்குத் தோன்றும். நானும் மேக்கப் கெய்னைத் தானே கூட்டும் ஆட்டோ மேக்கப் பொத்தானை நிறுத்தாமல் பல மாதங்கள் குரல்களை மிக்ஸ் செய்தேன். பின்னொரு நாள் ஒலியளவைச் சமன்செய்து, கம்ப்ரஸரைத் தற்காலிகமாக விலக்கும் பைபாஸ் பொத்தானை அழுத்தியபோது, அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் அசல் பதிவே நன்றாக இருந்தது.

எனவே முதலில் ஆட்டோ மேக்கப்பை நிறுத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், பைபாஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரே உரப்பாகக் கேட்கும்வரை மேக்கப் கெய்னைக் கையால் திருத்துங்கள். உரப்பை அளக்கும் எல்யூஎஃப்எஸ் மீட்டர் இருந்தால் முதல் சில வாரங்களுக்கு அது உதவும். உச்சங்களை மட்டும் காட்டும் பீக் மீட்டர் இதற்குப் பயன்படாது, ஏனெனில் கம்ப்ரஷன் மாற்றுவதே உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள உறவைத்தான். இந்தச் சமன்செய்யும் வேலை அலுப்பூட்டக்கூடியது. ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு மற்ற பயிற்சிகளைச் செய்வதில் பொருளில்லை.

விலையுயர்ந்த பிளக்-இன் எதுவும் தேவையில்லை. உங்கள் பதிவு மென்பொருளோடு வந்த கம்ப்ரஸரில் த்ரெஷோல்ட், ரேஷியோ, அட்டாக், ரிலீஸ் நான்கும் தனித்தனிக் குமிழ்களாக இருந்து, கெய்ன் ரிடக்ஷன் மீட்டரும் இருந்தால் போதும். பழைய கருவிகளைப் போலச் செய்த பிளக்-இன்களில் இவற்றில் சில மறைந்திருக்கும் அல்லது ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் என்பதால் பயிற்சிக்கு அவை ஏற்றவை அல்ல.

முதல் பயிற்சி: டிரம்ஸில், மிகையாக

கிக், ஸ்னேர், ஹை-ஹேட் மூன்றும் உள்ள எளிய டிரம்ஸ் பதிவு ஒன்றை எடுத்து, இரண்டு அல்லது நான்கு பார் (தாளச் சுற்று) நீளத்துக்குத் திரும்பத் திரும்ப ஒலிக்க விடுங்கள். அறையின் ஒலி சற்றுக் கலந்த பதிவாக இருந்தால் இன்னும் நல்லது. ரேஷியோவை 10:1-க்கு உயர்த்துங்கள். அட்டாக், ரிலீஸ் இரண்டையும் மிக வேகமான நிலையில் வையுங்கள். மீட்டர் 15 முதல் 20 டெசிபெல் வரை குறைப்பைக் காட்டும்வரை த்ரெஷோல்டை இறக்குங்கள். ஒலி கெட்டுப்போய், நசுங்கியது போலக் கேட்கும். கெட்டுப்போகட்டும், கருவியின் குரல் எது என்பதை மிகையான நிலையில் கேட்டறிந்தால்தான், பிறகு அது அடக்கமாக வேலை செய்யும்போது அதை அடையாளம் காண முடியும்.

இப்போது மற்ற எதையும் தொடாமல் அட்டாக்கை மட்டும் 0.1 மில்லி விநாடியிலிருந்து மெல்ல மெல்ல 80 மில்லி விநாடி வரை நகர்த்துங்கள். ஸ்னேரின் மேல் குச்சி விழும் அந்த முதல் கணத்தை மட்டும் கேளுங்கள். வேகமான அட்டாக்கில் குச்சியே இல்லாததுபோல், அடி தடித்து, மங்கி, ஒலிபெருக்கிக்குப் பின்னால் எங்கோ விழும். 5, 10, 20 என்று போகப் போகக் குச்சியின் முனை வெளியே வரும். 30-ஐ நெருங்கும்போது பல பதிவுகளில் முனை மட்டும் துருத்திக்கொண்டு, அதன் பின்னால் வரும் உடல் மெலிந்து, அடி முன்பைவிடக் கூர்மையாகிவிடும். ஒலியை அமுக்கும் கருவி அடியைக் கூர்மையாக்குவது முரணாகத் தோன்றலாம். முனையைத் தப்பவிட்டு உடலை மட்டும் அமுக்குவதால் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கூடுகிறது, அவ்வளவுதான். இந்த ஒன்றை உங்கள் காதால் நீங்களே கேட்டு உறுதிசெய்துகொள்ளும்வரை அடுத்த குமிழுக்குப் போகாதீர்கள். எனக்கு இதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று.

அட்டாக்கை 20 அல்லது 30-இல் நிறுத்திவிட்டு ரிலீஸைப் பிடியுங்கள். இப்போது அடியைக் கேட்காமல், இரண்டு அடிகளுக்கு இடையிலுள்ள வெளியைக் கேளுங்கள். மிக வேகமான ரிலீஸில், அடி முடிந்த கணமே கம்ப்ரஸர் கையை எடுத்துவிடுவதால் அறையின் எதிரொலியும் ஹை-ஹேட்டும் மேலே பாய்ந்து வரும். ஒலி மூச்சு வாங்குவது போலிருக்கும். இதைத்தான் பம்பிங் என்கிறார்கள். ரிலீஸை 1 விநாடிக்கு மேல் கொண்டுபோனால் கம்ப்ரஸர் கையை எடுப்பதற்குள் அடுத்த அடி வந்துவிடுவதால் முள் கீழேயே கிடக்கும், எல்லா அடிகளும் ஒட்டுமொத்தமாகத் தணிந்து உயிரற்றுக் கேட்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ, முள் தாளத்தோடு சேர்ந்து ஆடும் ஓரிடம் இருக்கிறது. 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி விநாடிகளில் கிடைக்கும்: நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்றால் 500. அடுத்த தட்டுக்குள் முள் ஏறத்தாழ மேலே வந்துவிட வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, 500-இன் பாதியிலோ கால்பங்கிலோ தொடங்கிக் காதால் திருத்துங்கள். கணக்கு தொடங்குமிடத்தைத்தான் காட்டும். மேற்சொன்ன வரையறைச் சிக்கல் ரிலீஸுக்கும் உண்டு.

அட்டாக்கும் ரிலீஸும் அமைந்த பிறகு ரேஷியோவை 10-இலிருந்து 4-க்கும், 4-இலிருந்து 2-க்கும் இறக்குங்கள். நசுக்கல் தளர்ந்து அடிகளின் ஏற்ற இறக்கம் திரும்பி வருவதைக் கேட்கலாம். இறுதியாக, மீட்டர் 3 முதல் 6 டெசிபெல் காட்டும்வரை த்ரெஷோல்டை உயர்த்துங்கள். ஒலியளவைச் சமன்செய்து, கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துங்கள். மிகையில் கேட்ட அதே குச்சி முனை, அதே இடைவெளி, இப்போது சிறிய அளவில் கேட்கும்.

கேட்கவில்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. அதே ட்ராக்கை நகலெடுத்து, நகலில் கம்ப்ரஸரை நீக்கி, அதன் ஃபேஸை, அதாவது அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாக்கி, மேக்கப் கெய்ன் பூஜ்யமாக உள்ள நிலையில் இரண்டையும் ஒரே அளவில் சேர்த்து ஒலிக்க விடுங்கள். ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, கம்ப்ரஸர் எடுத்த பகுதி மட்டும் மிஞ்சும். சில பிளக்-இன்களில் இதற்கென்றே டெல்டா என்ற பொத்தான் இருக்கிறது. அட்டாக்கை நகர்த்தும்போது மிஞ்சும் ஒலி குச்சியிலிருந்து உடலுக்கு இடம்பெயர்வதைக் கேட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

குரல்

குரலில் கம்ப்ரஷனைக் கேட்பது டிரம்ஸைவிடக் கடினம். தவறு செய்தால் தெரிவதும் இங்கேதான். முதலில் கம்ப்ரஸரைத் திறக்காமல், பதிவின் அலைவடிவத்தைப் பார்த்து, மிகவும் உரத்த சொற்களைத் துண்டாக்கிச் சில டெசிபெல் இறக்குங்கள், அமிழ்ந்துபோன வரி முடிவுகளை ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் முழுச் சுமையையும் கம்ப்ரஸரின் தலையில் ஏற்றினால், உரத்த சரணத்தில் அது 12 டெசிபெல் அமுக்கிக்கொண்டும் மெல்லிய பல்லவியில் ஒன்றும் செய்யாமலும் இருக்கும். ஒரே பாட்டில் இரண்டு பாடகர்கள் பாடியது போலாகிவிடும்.

அட்டாக்கைக் கேட்பதற்கு ஏற்ற வரியைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. சொல்லின் முதலில் வரும் க, த, ப ஆகியவையும், இடையில் வரும் க்க, ட்ட, த்த, ப்ப ஆகியவையும் காற்றை அடைத்துத் திறக்கும் சிறு வெடிப்புகள். ஸ்னேரின் குச்சி முனைக்கு நிகரானவை. வல்லினம் நிறைந்த வரி ஒன்றில் அட்டாக்கை 1 மில்லி விநாடிக்குக் கீழே வைத்தால், வல்லினம் இடையினத்தை நோக்கி மழுங்குவதையும், சொல் தெளிவு குறைந்து பாடகர் ஓரடி பின்னால் போய்விடுவதையும் கேட்கலாம். 10-ஐத் தாண்டும்போது எழுத்துகள் மீண்டும் கூராகிப் பாடகர் முன்னால் வருவார். ம, ந, ய, வ என்று மென்மையாகத் தொடங்கும் சொற்களில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. அதனால் பயிற்சிக்கு மெல்லிய தாலாட்டை எடுத்துக்கொண்டு எதுவும் கேட்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

ரேஷியோ 3:1, அட்டாக் 5 முதல் 15, ரிலீஸ் 80 முதல் 150 மில்லி விநாடி, உரத்த வரிகளில் 4 முதல் 6 டெசிபெல் குறைப்பு என்பது தொடங்குவதற்குத் தக்க இடம். மூன்றைக் கேளுங்கள். வரிகளுக்கு இடையில் மூச்சு, பாடும் குரலுக்கு நிகராக உரத்துவிட்டதா? ச, ஸ, ஷ ஒலிகள் முன்பைவிடக் குத்துகின்றனவா? அவை பெரும்பாலும் வரம்புக்குக் கீழே தப்பிவிட்டு மேக்கப் கெய்னில் மட்டும் ஏறுவதால் இது அடிக்கடி நேரும். இந்த ஒலிகளை மட்டும் தணிக்கும் டி-எஸ்ஸர் ஒன்று தேவைப்படலாம். உச்சத்தில் பாடும்போது பாடகர் உண்மையில் எழும்புகிறாரா, அல்லது எழும்ப முயன்று கூரையில் இடித்துக்கொள்கிறாரா? மூன்றாவது கேள்விக்கான விடைதான் எனக்கு முக்கியம். பாட்டின் உணர்ச்சி பெரும்பாலும் அந்த எழுச்சியில் இருக்கிறது; எல்லாச் சொல்லும் கேட்க வேண்டும் என்ற ஆசையில் அதைத் தட்டையாக்கிவிட்ட மிக்ஸ்களை நான் நிறையவே செய்திருக்கிறேன்.

ஒரே கம்ப்ரஸரை 10 டெசிபெல் அமுக்கச் செய்வதைவிட, இரண்டை அடுத்தடுத்து வைத்துச் சிறிது சிறிதாக அமுக்கச் செய்வது இயல்பாகக் கேட்கும். ஸ்டுடியோக்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் இணை, 1967-இல் வெளிவந்த யூஆர்இஐ 1176-உம், 1960-களில் டெலட்ரானிக்ஸ் தயாரித்த எல்ஏ-2ஏ-உம் ஆகும். முன்னதன் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ விநாடி வரை, அதாவது மிக மெதுவான நிலையில்கூட 1 மில்லி விநாடிக்கும் குறைவு. துருத்தும் உச்சங்களை அது வெட்டிவிடும். பின்னது ஒளி உமிழும் தகட்டையும் ஒளியுணர் மின்தடையையும் கொண்டு வேலை செய்வதால் நிதானமானது: ஒலி இறங்கிய பிறகு குறைப்பில் பாதியை ஏறத்தாழ 60 மில்லி விநாடியில் விட்டுவிட்டு, மீதியை மெல்ல மெல்ல விநாடிக் கணக்கில் விடும். உச்சங்கள் ஏற்கெனவே போய்விட்டதால் அது பதறாமல் வரியின் பொதுவான அளவை மட்டும் சமன்செய்கிறது. அந்தக் கருவிகளோ அவற்றின் போலிகளோ இல்லாமலும், சாதாரணக் கம்ப்ரஸர் இரண்டை இதே பொறுப்புகளில் வைத்து இந்தப் பயனைப் பெறலாம். 1176-ஐயோ அதைப் போலச் செய்த பிளக்-இன்னையோ பயன்படுத்தினால், அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் அதில் தலைகீழாக இருப்பதை மறக்க வேண்டாம்; வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும்.

பேஸ் கிட்டார்

இங்கே ஒரு குறிப்பிட்ட பழுதை அடையாளம் காணப் பழகினால் போதும். நான்கு கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அதன் ஓர் அலைக்கு 24 மில்லி விநாடி ஆகிறது. அட்டாக்கும் ரிலீஸும் அதைவிட மிகக் குறைவாக இருந்தால், கம்ப்ரஸர் சுரத்தின் அளவைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு ஒவ்வோர் அலையின் மேட்டையும் பள்ளத்தையும் பின்தொடரத் தொடங்கிவிடும். அலையின் வடிவமே மாறி, கரகரப்பு பிறக்கும். இரண்டையும் மிக வேகமான நிலையில் வைத்து, அந்தக் கரகரப்பைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டு, ரிலீஸை 100-க்கு மேல் கொண்டுபோய் அது மறைவதைக் கேளுங்கள். சில பாட்டுகளுக்கு அந்தக் கரகரப்பு அழகுதான். ஆனால் அது நீங்கள் வேண்டுமென்று வைத்ததாக இருக்க வேண்டும்.

டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டாரையும், நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் பேடையும் பெரும்பாலும் கம்ப்ரஸ் செய்யத் தேவையில்லை. அலைவடிவத்தைப் பாருங்கள்: ஏற்கெனவே செங்கல் போலத் தட்டையாக இருக்கும்.

முழு மிக்ஸின் மேல்

எல்லா ட்ராக்குகளும் சேரும் மாஸ்டர் பஸ்ஸில் ஒரு கம்ப்ரஸர் வைக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியவற்றுள் சாலிட் ஸ்டேட் லாஜிக் நிறுவனத்தின் 4000 வரிசை மிக்ஸிங் மேசைகள் முக்கியமானவை. அதிலிருந்த கம்ப்ரஸரில் 2, 4, 10 என்று மூன்றே ரேஷியோக்கள், அட்டாக் 0.1 முதல் 30 மில்லி விநாடி வரை ஆறு நிலைகள். நீங்கள் 2:1, அட்டாக் 30, ரிலீஸ் ஆட்டோ, குறைப்பு 1 முதல் 2 டெசிபெல் என்று தொடங்குங்கள். மிக்ஸை முடித்துவிட்டுக் கடைசியில் இதைப் போட்டால், அதுவரை அமைத்த ஒலியளவுகள் குலைந்துவிடும். ஒவ்வொரு ட்ராக்கின் ஒலியளவையும் மாற்றும் ஃபேடர்களை ஓரளவு அமைத்தவுடனேயே போட்டுவிட்டு அதன் ஊடாக மிக்ஸ் செய்வது நல்லது. ஒவ்வொரு கிக்குக்கும் குரலும் சேர்ந்து அமிழ்ந்தால், கம்ப்ரஸர் கிக்கின் தாழ்ந்த அதிர்வெண்களைக் கேட்டு ஏமாறுகிறது என்று பொருள்; கம்ப்ரஸர் ஒலியளவைக் கேட்டறியும் பாதையான சைட்செயினில் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் அனுமதிக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தேர்வு

நாள்தோறும் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் காது சோர்ந்து எல்லாம் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கும். ஒரு டிரம்ஸ் துணுக்கை ஒரே அளவு குறைப்போடு, அட்டாக் மட்டும் 1, 10, 40 என்று மாற்றி மூன்று கோப்புகளாக ஏற்றுமதி செய்து, மூன்றின் உரப்பையும் சமன்செய்யுங்கள். கோப்புகளின் பெயர்களைக் கலைத்துத் தரும்படி ஒருவரிடம் சொல்லி, எது எதுவென்று கண்டுபிடியுங்கள். 10 முறையில் 8 முறை சரியாக வந்தால், குறைப்பை 10 டெசிபெலிலிருந்து 6-க்கும், பிறகு 3-க்கும் இறக்கி மீண்டும் முயலுங்கள். பின்னர் ரிலீஸுக்கு 50, 200, 800 என்று இதையே செய்யுங்கள். 3 டெசிபெல் குறைப்பில் அட்டாக்கைக் கண்டுபிடித்துவிட்ட வாரத்தில், நீங்கள் முன்பு மிக்ஸ் செய்த பாட்டு ஒன்றைத் திறந்து, அதிலுள்ள கம்ப்ரஸர்கள் அனைத்தையும் பைபாஸ் செய்துவிட்டு, ஒவ்வொன்றாக மீண்டும் இயக்கிப் பாருங்கள். எதற்காக வைத்தோம் என்று சொல்ல முடியாதவற்றை நீக்கிவிடலாம்.